தோல் முந்தி, துளை பிந்தி: ஜாஸ் குழல் கேட்க வருபவர்களுக்கு

ஜாஸ் கேட்க வேண்டும் என்ற ஆசையோடு வரும் பிள்ளைகள் பலர், புல்லாங்குழல் இருக்கிற இசைத்தட்டு எது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காதுக்குப் பழகிய கருவி. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்ற நம்பிக்கை. நல்ல வழிதான். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஹெர்பி மானின் ‘அட் தி வில்லேஜ் கேட்’. 1961 நவம்பர் 17 அன்று, நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் இருந்த வில்லேஜ் கேட் என்ற கிளப்பில், ரசிகர்கள் முன்னால் வாசித்துப் பதிவானது. அடுத்த வருடம் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்டது. மூன்றே பாட்டுகள். ஜாஸும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தாளங்களும், அவை கரீபியத் தீவுகளில் எடுத்த புது உருவங்களும் அந்த ஒரு மேடையில் கூடி இருக்கின்றன. இந்தத் தட்டையும் இதன் உறவுகளையும் எப்படிக் கேட்பது என்று நேரில் வருபவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இப்போது எண் போட்டு எழுதித் தருகிறேன்.

1. முதல் தடவை குழலைக் கவனிக்க வேண்டாம்.

‘கமின் ஹோம் பேபி’ என்ற முதல் பாட்டைப் போடுங்கள். பேஸ் என்ற அடிக்குரல் நரம்புக் கருவி ஒரு சின்ன வரியைப் பிடித்துக்கொண்டு தொடங்கும். பாட்டு முழுவதற்கும் அதுதான் தரை. இந்தப் பாட்டில் மட்டும் இரண்டு பேஸ்கள். ஒன்றை வாசிப்பவர் பாட்டை எழுதிய பென் டக்கர். மற்றவர் அகமது அப்துல் மாலிக். ஊத் என்ற அரபு நரம்புக் கருவியை ஜாஸுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அதற்கு மேல் ரூடி காலின்ஸின் டிரம்ஸ். பக்கத்தில் தோல் முரசுகளில் சீஃப் பே, ரே மான்டியா இருவருடைய கைகள். இன்னும் மேலே ஹாகுட் ஹார்டியின் வைப்ரஃபோன். குழல் இவ்வளவுக்கும் மேலே வந்து உட்காருகிறது.

ஒரு தடவைக்கு ஒரு ஆளைப் பின்தொடருங்கள். பேஸை மட்டும் ஒரு முறை, தோல் வாத்தியங்களை மட்டும் ஒரு முறை. அப்புறம் இன்னொன்றும் கவனியுங்கள்: இந்தக் குழுவில் பியானோ கிடையாது. பியானோ இருந்தால் நடு ஸ்தாயி முழுவதையும் அதுவே நிரப்பிவிடும். இல்லாததால் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. தோலின் ஒலி அங்கே தெளிவாக எழும்புகிறது. வைப்ரஃபோன் அடித்துவிட்டுத் தேய்ந்துபோகும் கருவி; யாருக்கும் குறுக்கே நிற்காது. குழலைத் தெளிவாகக் கேட்க முடிவதற்குப் பாதிக் காரணம் இந்த ஏற்பாடுதான். மெட்டு பன்னிரண்டு பார் கொண்ட சாதாரண மைனர் ப்ளூஸ். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. அழகெல்லாம் அடுக்கில் இருக்கிறது.

மெட்டை முணுமுணுத்துவிட்டு, பாட்டு தெரிந்துவிட்டது என்று அடுத்த தட்டுக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த இசையின் பாதி கூடக் கிடைப்பதில்லை.

2. கையால் தட்டாமல் இது உடம்பில் ஏறாது.

லத்தீன் தாளங்களில் கியூபாவிலிருந்து வந்தவற்றுக்கு ஆணிவேர் க்ளாவே. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஒலி. அந்தக் கட்டைக்கும் அதே பெயர், அது தட்டும் கணக்குக்கும் அதே பெயர். பதினாறு சிற்றடியில் ஐந்தே தட்டு. நம் வீட்டில் சொற்கட்டு காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கஷ்டமே இல்லை. இப்படிச் சொல்லுங்கள்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி.

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு; கூட்டினால் பதினாறு. காலால் நான்கு அடி சீராக வைத்துக்கொண்டு, கையால் இதைத் தட்டுங்கள். முதல் பாதியில் மூன்று தட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு. முதல் பாதி காலோடு சண்டை போடும். இரண்டாம் பாதி கொஞ்சம் சமாதானமாகும். அந்த இழுப்பும் தளர்வும்தான் மொத்த இசையையும் முன்னே நகர்த்துகிறது. சில பாட்டுகளில் பாதிகள் இடம் மாறி, இரண்டு முதலிலும் மூன்று பின்னாலும் வரும். ரும்பா என்ற கியூப நடன இசையில் மூன்றாவது தட்டு ஒரே ஒரு சிற்றடி தள்ளிப்போகும்: தகிட தகதிமி தகிட தக தகதிமி. தள்ளியது கடுகளவு. ஆனால் தட்டிப் பாருங்கள், உடம்பு வேறு மாதிரி அசையும்.

க்ளாவே கையில் வந்த பிறகு பேஸைக் கேளுங்கள். நடை எட்டுச் சிற்றடி என்றால், பேஸ் விழுவது நான்காவதிலும் ஏழாவதிலும். ஒன்றில் விழாது. எல்லாரும் எதிர்பார்க்கும் அந்த முதல் அடியைத் தாண்டிவிட்டு, அதற்கு முன்பே வந்து நிற்கும். காங்கா என்ற உயரமான கை முரசோ அதே எட்டில் மூன்றாவதை அறைந்து, ஏழையும் எட்டையும் திறந்த ஒலியாக விடும். யாரும் ஒன்றை அழுத்திச் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்று எங்கே இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆவர்த்தனம் முடிந்து சமத்தில் வந்து விழுவதையே சுகமாகப் பழகிய நமக்கு, விழாமலே சமத்தைக் காட்டும் இந்த வித்தை புதிது. அவசரம் வேண்டாம். சில நாள் வெறும் பேஸையும் காங்காவையும் கேட்டாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. சொற்கட்டு ஏறுவதற்கு ஏணி மட்டுமே. க்ளாவேயைத் தாளமாக நினைத்து அதில் கோர்வை தேடப் போகாதீர்கள். அது சுற்றிச் சுற்றி அப்படியே வரும், முத்தாய்ப்பு கிடையாது.

3. ஆப்பிரிக்கத் தாளம் என்று ஒருமையில் பேசாதீர்கள்.

பழைய இசைத்தட்டு உறைகளில் ‘ஆப்ரோ’ என்று ஒரு முன்னொட்டு போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஆப்பிரிக்கா ஒரு ஊர் இல்லை. கியூபாவுக்கு வந்து சேர்ந்தவர்களில் நைஜீரியப் பக்கத்து யொரூபா மக்கள் இருந்தார்கள், கொங்கோ பகுதி மக்கள் இருந்தார்கள், கலபார் கரையிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். யொரூபா வழிபாட்டின் பாட்டா முரசுகள் மூன்று. பெரியது இயா, நடுவது இட்டோட்டலே, சிறியது ஒக்கோன்கோலோ. அவை ஒன்றோடொன்று பேசும் முறை வேறு. காங்காவின் முன்னோர்கள் கொங்கோ பக்கத்து முரசுகள். அவற்றின் நடை வேறு.

இவ்வளவும் கியூபாவில் எப்படிப் பிழைத்தன? அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் அந்தத் தீவுக்கு 1860கள் வரை வந்துகொண்டிருந்தன. அடிமை முறை ஒழிந்தது 1886இல்தான். ஒரே பகுதியிலிருந்து வந்தவர்கள் கபில்டோ என்ற சங்கங்களாகக் கூட இடம் இருந்தது. கடவுள், மொழி, முரசு மூன்றையும் அங்கே காத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் கதை வேறு. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் வந்தது. கைக்கு எட்டாமல் போன முரசு, கைதட்டலாகவும் கால் உதையாகவும் தேவாலயப் பாட்டாகவும் மாறி, கடைசியில் ஜாஸின் நடைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதனால், 1940களில் நியூயார்க்கில் கியூபாக்காரர்களும் ஜாஸ்காரர்களும் சேர்ந்தபோது நடந்தது இரண்டு அந்நியர்களின் கலப்பு அல்ல. பிரிந்துபோன உறவு மறுபடி கூடியது. இதை மனதில் வைத்துக் கேளுங்கள். ‘கலவை இசை’ என்ற மேலோட்டமான பேச்சு தானாக நின்றுவிடும்.

மச்சீட்டோவின் ஆப்ரோ-கியூபன்ஸ் குழு தொடங்கியது 1940இல். அதன் இசை இயக்குநர் மாரியோ பௌசா. 1947இல் டிஸ்ஸி கில்லெஸ்பி காங்கா வித்தகர் சானோ போசோவைத் தன் பெரிய குழுவில் சேர்த்துக்கொண்டு கார்னகி ஹாலில் வாசித்தார். போசோ அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வளவு குறுகிய காலத்தில் அவர் திறந்துவிட்ட கதவை யாராலும் மூட முடியவில்லை.

குழல் தேடி வருபவர்கள் இங்கே கட்டாயம் கேட்க வேண்டிய பாட்டு ஒன்று உண்டு: மோங்கோ சாண்டமரியாவின் ‘ஆப்ரோ ப்ளூ’. 1959 ஏப்ரலில், கலிபோர்னியாவின் கார்மெல் நகரில், வைப்ரஃபோன் கலைஞர் கால் ஜேடரின் கச்சேரியில் பதிவானது. குழல் வாசித்தவர் பால் ஹார்ன். பின்னாளில் தாஜ் மகாலுக்குள் நின்று தனியாகக் குழல் வாசித்துப் பதிவு செய்தாரே, அவரேதான். இந்தப் பாட்டின் அடித்தளம் மூன்றுக்கு இரண்டு. ஆறு சிற்றடியை வலது கை 1, 3, 5 என்று மூன்றாகத் தட்ட, இடது கை 1, 4 என்று இரண்டாகத் தட்டுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில். இது மூன்றா இரண்டா என்று கேட்பதே தவறு, இரண்டும்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் எவே மக்களும் யொரூபா மக்களும் இரும்பு மணியில் தட்டும் ஏழு தட்டுக் கணக்கும் இதே நிலத்தில் முளைத்தது. பன்னிரண்டு சிற்றடி: தக தக த தக தக தக த. கியூபாவின் பெம்பே வழிபாட்டில் இதே மணி அப்படியே ஒலிக்கிறது. ஒரு கடலைத் தாண்டி, நூறாண்டுகளைத் தாண்டி, ஒரு தட்டுக் கூடச் சிந்தாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

4. தோல் வாசித்தவர்களின் பெயரை மனப்பாடம் செய்யுங்கள்.

உறையில் பெரிய எழுத்தில் இருப்பது குழல்காரர் பெயர். தாளக்காரர்கள் அடியில், பொடி எழுத்தில். இது எனக்கு என்றுமே உடன்பாடு இல்லாத விஷயம். சீஃப் பே என்பவர் ஜேம்ஸ் ஹாதார்ன் பே, 1913இல் பிறந்தவர், பிறந்த இடம், முரசுக்குத் தடை போட்ட அதே தென் கரோலினா. 1960இல் வெளிவந்து அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்த, நைஜீரிய முரசுக் கலைஞர் ஒலாதூஞ்சியின் ‘டிரம்ஸ் ஆஃப் பேஷன்’ தட்டிலும் அவர் கை இருக்கிறது. ரே மான்டியா நியூயார்க்கில் பிறந்தவர். பின்னாளில் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் எம்பூம் தாளக் குழுவில் வாசித்தவர்.

ஹெர்பி மானின் 1959ஆம் வருடத்துத் தட்டு ‘ஃப்ளாவுட்டிஸ்டா’. அதில் காங்கா வாசித்தவர் கார்லோஸ் வால்டேஸ். ‘பட்டாட்டோ’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஹவானாவில் 1926இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் காங்காவின் தோலை ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். சுருதி ஏற்ற வேண்டுமானால் தீயில் காட்ட வேண்டும். திருகாணி முடுக்கிச் சுருதி சேர்க்கும் காங்கா பரவியதில் பட்டாட்டோவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் என்ன ஆயிற்று? பல காங்காக்களை வேறு வேறு சுருதியில் நிறுத்தி, மெட்டையே தோலில் வாசிக்க முடிந்தது. ‘ஃப்ளாவுட்டிஸ்டா’வில் குழலுக்குச் சரிசமமாக அவர் பாடுவதைக் கேளுங்கள். பக்கத்திலேயே பாங்கோவில் ஹோசே மங்குவல். அந்தச் சின்ன ஜோடி முரசில் அவர் நடையைப் பிடித்திருக்கும் உறுதியை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

5. குழல் இந்த வீட்டுக்கு விருந்தாளி என்று நினைக்காதீர்கள்.

ஜாஸில் குழல் பிந்தி வந்த கருவி, சாக்ஸபோன்காரர்கள் இடையில் எடுத்து ஊதிய பொருள் என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஜாஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஓரளவு உண்மை. ஹெர்பி மானே கிளாரினெட்டும் டெனர் சாக்ஸபோனும் வாசித்துவிட்டுத்தான் குழலுக்கு வந்தார். கவுன்ட் பேஸியின் குழுவில் ஃபிராங்க் வெஸ் குழல் ஊதத் தொடங்கியது 1950களில்.

கியூபாவின் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே குழல் வீட்டுக்காரன். மத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபைல்டே 1879இல் அரங்கேற்றிய டான்சோன் என்ற நடன இசையிலிருந்து வளர்ந்தது சரங்கா என்ற குழு வகை. வயலின்கள், பியானோ, பேஸ், டிம்பாலே என்ற உலோகக் கூட்டு முரசு, சுரைக்காய்க் கூட்டில் கோடு கிழித்துச் சுரண்டும் குய்ரோ, எல்லாவற்றுக்கும் தலைமேல் ஒரு குழல். ஐந்து சாவி மட்டும் வைத்த மரக்குழல். மைக் இல்லாத நாட்களில், வயலின் கூட்டத்தையும் டிம்பாலேயின் உலோக ஓசையையும் தாண்டி, ஆடுகிறவர்கள் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் குழல்காரர்கள் மூன்றாம் ஸ்தாயிக்கு ஏறிப்போய் அங்கேயே குடியிருந்தார்கள். அந்த உச்சியில் நின்றுகொண்டு சின்னச் சின்ன வரிகளைக் கொத்திக் கொத்தி வைப்பார்கள். அந்தோனியோ அர்க்காஞோ, ஹோசே ஃபஹார்தோ, 1939இல் சியென்ஃபுவேகோஸ் நகரில் தொடங்கிய ஒர்கெஸ்தா அரகோன் குழுவில் பின்னாளில் சேர்ந்த ரிச்சர்ட் எகுவெஸ், இவர்களைக் கேட்காமல் லத்தீன் ஜாஸ் குழலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். எகுவெஸ் எழுதிய ‘எல் போடெகேரோ’வில் வரும் குழலை மட்டும் கேட்டாலே நான் சொல்வது புரியும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஜாஸ் தட்டுகளில் குழல் தனியாக வாசித்த மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1929இல் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் குழுவோடு வந்தது. வாசித்தவர் ஆல்பெர்ட்டோ சொக்கராஸ். அவர் கியூபாக்காரர். ஆக, ஜாஸ் குழலின் தொடக்கத்திலேயே கியூபாவின் மூச்சு கலந்திருக்கிறது.

6. கீழ் ஸ்தாயியையும் மதியுங்கள்.

இன்றைய உலோகக் குழல் 1847இல் போம் என்பவர் அமைத்த முறைப்படி செய்தது. மூன்று ஸ்தாயிக்கு எட்டும். கீழ் ஸ்தாயியில் அதன் ஒலி மென்மையாக, மூச்சுக் கலந்து வரும். இரண்டு காங்காக்கள் முழங்கினால் அடியில் புதைந்துபோகும். மைக் வந்த பிறகுதான் அந்த மென்குரலை முரசுக்குப் பக்கத்தில் உட்காரவைக்க முடிந்தது. ஹெர்பி மான் கிளப்பில் அடக்கி வாசிக்கும் இடங்களைக் கவனியுங்கள். காற்று உதட்டோரம் உரசுவது கூடக் கேட்கும். பக்கத்தில் கை தோலில் உரசுவதும் கேட்கும். இரண்டும் ஒரே குடும்பத்து ஓசை.

7. ஹெர்பி மானை அளவோடு மதிப்பிடுங்கள்.

புரூக்ளினில் 1930இல் பிறந்தவர். இயற்பெயர் ஹெர்பர்ட் சாலமன். 2003இல் காலமானார். டவுன்பீட் இதழின் வாசகர் வாக்கெடுப்பில் பல ஆண்டுகள் தொடர்ந்து முதல் குழல்காரர். அவ்வளவு விற்றதாலேயே விமர்சகர்கள் சிலர் அவரை லேசாகப் பேசினார்கள். என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கற்பனையின் ஆழத்தில் எரிக் டால்ஃபி அவரைவிடப் பெரியவர். ஊதிக்கொண்டே கூடவே குரலெடுத்துப் பாடி, ஒரு குழலை இரண்டு ஆளாக்கிய ரஹ்சான் ரோலண்ட் கர்க் அவரைவிடத் துணிச்சல்காரர். சுத்தத்தில் ஹ்யூபர்ட் லாஸ் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது.

மானின் பெருமை வேறு. யாரை யார் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உட்காரவைத்த பிறகு வழிவிடவும் தெரிந்திருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாட்டில் 1959-60இல் ஆப்பிரிக்க நாடுகளில் சுற்றிவந்தார். திரும்பியதும் ‘தி காமன் கிரவுண்ட்’ என்று ஒரு தட்டு. வில்லேஜ் கேட் தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. கெர்ஷ்வினின் ‘இட் எயின்ட் நெசஸரிலி ஸோ’, ஏறக்குறைய இருபது நிமிடம். தன் பெயரில் வரும் தட்டில் தாளக்காரர்களுக்கு அவ்வளவு நேரம் கொடுப்பதற்குப் பெரிய மனது வேண்டும். அந்தப் பாட்டை எழுதியது 1935ஆம் வருடத்து ‘போர்கி அண்ட் பெஸ்’ என்ற ஆபராவுக்கு. கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு வெள்ளையர் எழுதிய இசை. கதை நடக்கும் இடம் மறுபடியும் தென் கரோலினா. அந்த மண்ணில் பிறந்த சீஃப் பே, தடை செய்யப்பட்ட முரசை அந்தப் பாட்டுக்குள்ளேயே வைத்து முழக்குகிறார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த இருபது நிமிடத்தின் கனம் வேறு.

8. பிரேசிலையும் கியூபாவையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். லத்தீன் என்ற ஒரே பெட்டியில் கடைக்காரர்கள் போட்டுவிடுவார்கள். சம்பாவில் சுர்தோ என்ற பெருமுரசு இரண்டாம் அடியில் விழும். அதன் அசைவு வேறு, கியூபாவின் க்ளாவே அங்கே சட்டம் இல்லை. மான் 1962இல் ரியோவுக்கே போய் அந்த ஊர்க் கலைஞர்களோடு ‘டூ தி போசா நோவா’ பதிவு செய்தார். அதை வில்லேஜ் கேட் தட்டுக்குப் பிறகு கேளுங்கள். வித்தியாசம் தானே விளங்கும்.

9. வாசிக்கவும் ஆசைப்படுகிறவர்களுக்கு.

கர்நாடகக் குழல் கற்றவர்கள் நீங்கள் என்றால், மூச்சும் விரலும் லயமும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. அதுவே இடைஞ்சலாகவும் ஆகும். ஒவ்வொரு சுரத்தையும் கமகத்தால் அசைக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். இங்கே சுரம் நேராக, கூர்மையாக, சரியான நொடியில் விழ வேண்டும். நாக்கால் ‘து’ என்று வெட்டி எடுங்கள். வேகம் வந்தால் ‘துகு துகு’. ஒரு விநாடியின் சிறு துண்டு தள்ளிப்போனாலும் காங்காவோடு மோதும்.

முதல் ஒரு மாதம் இரண்டே சுரத்தில் வாசியுங்கள். க்ளாவேயின் ஐந்து தட்டையும் அந்த இரண்டு சுரத்தில் ஊதுங்கள். அப்புறம் ஐந்தில் மூன்றை மட்டும் ஊதி, மற்ற இரண்டை மனதில் தட்டுங்கள். அப்புறம் தட்டுகள் விழாத இடங்களில் மட்டும் ஊதிப் பாருங்கள். இந்தப் படிகளைத் தாண்டாமல் வேகச் சங்கதிக்குப் போகிறவர்கள் முரசுக்கு மேலே பறக்கலாம். முரசோடு பேச முடியாது.

முடிந்தால் ஒரு தோல் வாத்தியக்காரரோடு மட்டும் உட்கார்ந்து பழகுங்கள். சுருதிப் பெட்டி வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பதில் சொல்லட்டும். சரங்கா குழல்காரர்கள் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தே வாசித்தார்கள். இடம் விட்டுக் கொடுக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

10. உட்கார்ந்தே கேட்காதீர்கள். இது எழுந்து ஆடுவதற்காகப் பிறந்த இசை. ஆடத் தெரியாவிட்டால் அறையில் நடங்கள். கால் தானாகச் சரியான இடத்தில் விழ ஆரம்பிக்கும் நாளில் மற்ற எல்லா விளக்கமும் தேவையற்றுப் போகும்.

11. எதை, எந்த வரிசையில்.

வில்லேஜ் கேட் முதலில். அதைத் தேயும்வரை கேளுங்கள். அடுத்து ‘ஃப்ளாவுட்டிஸ்டா’, அதில் ‘கேரவன்’ பாட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். டியூக் எலிங்டனோடு சேர்ந்து அதை ஆக்கியவர் ஹுவான் டிசோல், போர்ட்டோ ரிக்கோக்காரர். 1936லேயே ஜாஸுக்குள் கரீபியன் காற்று வந்ததற்கு அது சாட்சி. பிறகு ஜேடர் கச்சேரியின் ‘ஆப்ரோ ப்ளூ’. அதே பாட்டை ஜான் கோல்ட்ரேன் 1963இல் பேர்ட்லேண்ட் கிளப்பில் வாசித்ததையும் உடனே கேட்டு ஒப்பிடுங்கள். பிறகு ஒலாதூஞ்சி, குழலே இல்லாமல், வெறும் முரசும் குரலும். பிறகு ஒர்கெஸ்தா அரகோன். பின்னாள் தலைமுறைக் குழல்காரர்களில் பிராங்க்ஸில் வளர்ந்த டேவ் வாலன்டின், ஹவானாவின் மராக்கா, கனடாக்காரரான ஜேன் பன்னெட். பன்னெட் 1991இல் ஹவானாவுக்கே போய் அங்குள்ள பாடகர்களோடும் முரசுக்காரர்களோடும் ‘ஸ்பிரிட்ஸ் ஆஃப் ஹவானா’ பதிவு செய்தார். வெளியூர்க்காரர் ஒருவர் அந்த வீட்டுக்குள் எப்படிப் பணிவோடு நுழைய வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம்.

போனின் சின்ன ஸ்பீக்கரில் இவற்றைக் கேட்காதீர்கள். பேஸும் காங்காவின் அடி ஒலியும் அதில் வரவே வராது. குழல் மட்டும் வரும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை இரவல் வாங்கியாவது கேளுங்கள். கேட்டு முடித்து நண்பர்களுக்கு அனுப்பும்போது, ஹெர்பி மான் பெயரோடு சீஃப் பே, ரே மான்டியா பெயர்களையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.